புது வீட்டுச் சாவியும் பஞ்சாங்கமும்

(சென்னைப் புறநகரில் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை மாலை, ஒரு தோழர் குடும்பம் புது வீடு புகுந்தபோது பேசிய பேச்சின் சாரம்)



ஒரு குடும்பம் புது வீட்டில் குடியேறுவதற்காக நாம் இன்று கூடியிருக்கிறோம். சாவியை வாங்கினோம், கதவைத் திறந்தோம், உள்ளே போனோம் என்பதோடு தீர்ந்துவிட வேண்டிய காரியத்திற்கு ஒரு கூட்டமும் பேச்சும் எதற்காக என்று யாராவது கேட்டால், அவர் கேட்பது நியாயமே. ஆனால் நம் நாட்டில் ஒரு மனிதன் தன் சம்பாத்தியத்தைக் கொட்டி, பாங்கியில் கடன்பட்டு, வருஷக்கணக்காய்க் காத்திருந்து வாங்கிய வீட்டிற்குள் கால் வைப்பதற்கு, சனியும் ராகுவும் உத்தரவு கொடுக்கவேண்டும் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறதே, அது இருக்கிறவரையில் இந்தக் கூட்டமும் வேண்டியதுதான், பேச்சும் வேண்டியதுதான்.

இந்த வீட்டின் கதையைக் கேளுங்கள். 24 மாதத்தில் சாவி தருகிறேன் என்று சொல்லி முன்பணம் வாங்கிய கட்டடக்காரர் 38 மாதம் ஆக்கினார். அந்த 38 மாதமும் இவர்கள் ஒரு கையால் வாடகையையும் மறு கையால் வட்டியையும் கட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் இங்கே வந்து எத்தனை மாடி எழும்பியது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். போன வாரந்தான், கட்டட முடிப்புச் சான்று வந்துவிட்டது, சாவியை வாங்கிக்கொள்ளலாம் என்று சேதி வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சொந்தக்காரர்கள் செய்தது என்ன? "ஐயோ, ஆடி மாதமாச்சே! ஆவணி பிறக்கட்டும். ஆவணியிலும் உங்கள் இரண்டுபேர் நட்சத்திரத்திற்கும் ஒத்த நாளாய்ப் பார்க்கவேண்டும்" என்றார்கள். அதாவது, கட்டடக்காரர் 14 மாதம் காக்க வைத்தது போதாது, பஞ்சாங்கக்காரரும் தம் பங்குக்கு இரண்டு மாதம் காக்கவைக்க வேண்டும் என்பதாகும். கட்டடக்காரர் தாமதம் செய்தபோது அதே சொந்தக்காரர்கள் அவரை மோசக்காரன் என்று ஏசினார்கள். பஞ்சாங்கக்காரரைக் கேட்க மாத்திரம் ஒருவருக்கும் வாய் எழவில்லை.

இதற்கு என்ன செலவு என்று கணக்குப் பார்ப்போம். 40 லட்ச ரூபாய் கடன், நூற்றுக்கு எட்டரை வட்டி என்று வைத்துக்கொண்டால் மாதம் 28,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கு மாத்திரம் போகிறது. குடியிருக்கிற வாடகை வீட்டுக்கு 15,000. இரண்டும் சேர்ந்து 43,000. வட்டி எப்படியும் கட்டவேண்டியதுதானே என்பீர்கள். கட்டவேண்டியதுதான், ஆனால் அந்த வட்டி எதற்காக? குடியிருப்பதற்காக. பூட்டிய வீட்டுக்கு வட்டியும், இன்னொருவன் வீட்டுக்கு வாடகையுமாய் இரண்டு மாதத்தில் 86,000 ரூபாயைச் செலவு செய்து இவர்கள் வாங்கப்போகிற சாமான் என்ன? ஒரு "நல்ல நேரம்". அதைத் தராசில் நிறுத்துக் கொடுப்பார்களா, ரசீதாவது உண்டா?

ஆடி ஏன் ஆகாது என்று நம்முடைய வைதீகர்களைக் கேட்டால் அவர்கள் சும்மா இருப்பதில்லை, காரணம் சொல்லுகிறார்கள். அந்தக் காரணத்தை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனி ஆகாதாம், ஏனென்றால் ஆனியில்தான் மாபலி தன் ராஜ்யத்தை இழந்தானாம். ஆடி ஆகாதாம், ஆடியில் இராவணன் கோட்டையை இழந்தானாம். புரட்டாசியில் இரணியன் கொல்லப்பட்டானாம். மார்கழியில் பாரதச் சண்டையில் துரியோதனன் நாடு போயிற்றாம். மாசியில் சிவன் விஷத்தைக் குடித்தானாம். பங்குனியில் மன்மதன் எரிந்து சாம்பலானானாம். ஆக, வருஷத்தில் பன்னிரண்டு மாதத்தில் ஆறு மாதம் வீடு புகக்கூடாத மாதமாய்ப் போய்விட்டது!

தோழர்களே, இந்த ஜாபிதாவைச் சற்று உற்றுப் பாருங்கள். மாபலி தோற்றதும், இராவணன் தோற்றதும், இரணியன் செத்ததும் தேவர்களுக்கு ஜெயம் என்றுதானே நமக்குக் கதாகாலட்சேபம் செய்தார்கள்? இரணியன் ஒழிந்ததைக் கொண்டாடச் சொன்னார்கள், இராவணனைக் கொளுத்திக் கூத்தாடச் சொன்னார்கள். அப்படியானால் அவர்கள் ஒழிந்த மாதங்கள் பரம மங்களமான மாதங்களாய் அல்லவா இருக்கவேண்டும்? கதை சொல்லும்போது "தர்மம் ஜெயித்தது" என்று சொல்லுவதும், வீட்டுக்குச் சாவி வாங்கும்போது "ஐயோ, அந்த மாதத்தில் வீடு போய்விட்டதே" என்று பயங்காட்டுவதும் ஒரே வாயிலிருந்து எப்படி வருகின்றன? உள்ளுக்குள் இவர்களுக்கும் அந்த ராஜாக்களின் மேல்தான் அனுதாபமோ என்னமோ. கதை நடந்ததா என்பதற்கே ஆதாரம் இல்லை. நடக்காத சண்டையில் இல்லாத கோட்டை போனதற்காக இந்தத் தோழர் 86,000 ரூபாய் தண்டம் அழவேண்டுமாம்.

அதே ஆடியில் கடைவீதிக்குப் போய்ப் பாருங்கள். ஆடித் தள்ளுபடி என்று புடவைக் கடையிலும் பாத்திரக் கடையிலும் நிற்க இடமில்லை. புடவை வாங்குவதற்கு ஆகும் மாதம், அதைக் கொண்டுவந்து வைக்கும் வீட்டிற்குள் நுழைவதற்கு ஆகாத மாதமாய் விடுகிறது. வியாபாரி கெட்டிக்காரன்; ஆடியில் ஜனங்கள் வாங்கமாட்டார்கள் என்று கண்டவுடன் விலையைக் குறைத்து ஆடியையே பெரிய வியாபார மாதமாக்கிவிட்டான். வியாபாரிக்கு உள்ள பகுத்தறிவில் கால்பங்கு வாங்குகிறவனுக்கு இருந்தால் போதும்.

இனி ராகுகாலம். இப்போது மணி ஐந்தேகால். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகுகாலம். இதை நாங்கள் வேண்டுமென்றே பொறுக்கி எடுத்ததாகச் சிலர் நினைக்கலாம். நம் இயக்கத்தில் அப்படி எடுப்பதும் உண்டு. பயந்தவனுக்குத் தைரியம் வருவதற்கு அது ஒரு நல்ல மருந்துதான். ஆனால் எனக்கு அதில் ஒரு சிறு அபிப்பிராய பேதமும் உண்டு. நல்லநேரத்தைத் தேடுவதை விட்டுவிட்டு ராகுகாலத்தைத் தேட ஆரம்பித்தால் மறுபடியும் கையில் பஞ்சாங்கத்தைத்தானே எடுக்கவேண்டியிருக்கிறது? இன்று ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கெல்லாம் லீவு. வெயில் தாழ்ந்தால் பெரியவர்களுக்கு வரச் சௌகரியம். ஆகையினால் ஐந்து மணி. ராகு வந்திருந்தால் அவனுக்கும் ஒரு நாற்காலி போடலாம். ஆனால் ராகு என்று ஒரு கிரகமே வானத்தில் இல்லை. சந்திரன் செல்லும் பாதையும், சூரியன் செல்வதாக நம் கண்ணுக்குத் தோன்றும் பாதையும் வெட்டிக்கொள்ளும் ஒரு புள்ளிக்கு வைத்த பெயர் அது. பகல் பன்னிரண்டு மணியை எட்டாய்ப் பங்குபோட்டு அதில் ஒரு பங்கை அந்தப் புள்ளிக்கு எழுதிவைத்தார்கள். ரயிலும் ஆகாய விமானமும் ஆஸ்பத்திரியும் அந்த ஒன்றரை மணிக்கு நின்றுவிடுவதில்லை.

அந்தப் பஞ்சாங்கமாவது ஒன்றாய் இருக்கிறதா? திருக்கணிதப் பஞ்சாங்கம் 2025-ஆம் வருஷம் மார்ச்சு 29-ந் தேதி சனி பெயர்ந்துவிட்டது என்றது. சனீஸ்வரனுக்கென்றே பேர்போன திருநள்ளாறு கோவிலோ, நாங்கள் வாக்கியப் பஞ்சாங்கக்காரர்கள், அன்று பெயர்ச்சி இல்லை, 2026-இல்தான் என்று அறிவித்தது. சனி எந்த வீட்டில் இருக்கிறான் என்பதில் அவர்களுக்குள்ளேயே ஏறக்குறைய ஒரு வருஷ வித்தியாசம். தன் வீட்டுக்கு எப்போது குடிபோவது என்று சனிக்கே நிச்சயமில்லாதபோது, நம் வீட்டுக்கு எப்போது குடிபோவது என்று அவன் சொல்லப்போகிறானா?

சர்க்காரும் இதற்குத் தூபம் போடுவதுதான் வருத்தம். சுபமுகூர்த்த நாள் என்றால் பத்திரப்பதிவு ஆபீசில் 100 டோக்கனுக்குப் பதில் 150 டோக்கன் கொடுக்கப்படும் என்று பதிவுத்துறையே பலமுறை அறிக்கை விட்டிருக்கிறது. கூட்டம் வருகிறது, ஏற்பாடு செய்கிறோம் என்பது அவர்கள் சமாதானம். கூட்டம் ஏன் ஒரே நாளில் வருகிறது? மற்ற நாளில் பதிந்த பத்திரம் செல்லாதா? அன்றைக்கு வண்டிக்காரன் கூலியும் ஏறுகிறது, பூ விலையும் ஏறுகிறது, ஜனங்களும் நெருக்கடியில் திண்டாடுகிறார்கள்.

இதைவிட முக்கியமான, பணத்தையும் உயிரையும் பற்றிய ஒரு சங்கதிக்கு வருகிறேன். இந்த நாள் பார்க்கும் வழக்கத்தில் காத்திருப்பது ஒரு நஷ்டம் என்றால், அவசரப்படுவது அதைவிடப் பெரிய நஷ்டம். எப்படியென்றால், ஆடி பிறக்கப்போகிறது, அதற்குள் ஒரு முகூர்த்தம் இருக்கிறது என்று சொல்லி, வேலை முடியாத வீட்டிலேயே கிரகப்பிரவேசம் நடத்திவிடுகிறார்கள். ஜன்னலுக்குக் கதவில்லை, குழாயில் தண்ணீரில்லை, மின்சார மீட்டர் வரவில்லை. நடுக்கூடத்தில் செங்கல்லை அடுக்கி ஓமம் வளர்த்து, புதுச் சுண்ணாம்பைக் கரியாக்கி, பாலைக் காய்ச்சிவிட்டு, பூட்டிக்கொண்டு பழைய வாடகை வீட்டுக்கே திரும்பிப் போய்விடுகிறார்கள்! இது கட்டடக்காரருக்கு ஒரு பெரிய சௌகரியம். அந்த நாளில் ஒரு சாவியைக் கையில் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு, "வீட்டைச் சரியான நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற காகிதத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுகிறார். ஐயர் அவசரப்படுத்துகிறார், முகூர்த்தம் போய்விடும் என்கிறார்கள், வந்த விருந்தாளிகள் காத்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் யார் காகிதத்தைப் படிக்கிறார்கள்? நாலு மாதம் கழித்துச் சுவரில் தண்ணீர் ஒழுகுகிறது என்று போனால் அந்தக் கையெழுத்தைத்தான் எடுத்துக் காட்டுவார்.

நம் ஜனங்கள் பஞ்சாங்கம் பார்க்கிற சிரத்தையில் பாதியைச் சட்டம் பார்ப்பதில் வைக்கவேண்டும். வீடு மனை விற்பனையை ஒழுங்குபடுத்த 2016-இல் ஒரு சட்டம் வந்து, 2017 மே முதல் முழுவதும் அமுலில் இருக்கிறது. அதன்படி பதிவு செய்யவேண்டிய பெரிய கட்டடங்களில், வாங்குகிறவர்களிடம் வசூலிக்கும் பணத்தில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் போட்டு அந்தக் கட்டடத்திற்கே செலவிட வேண்டும். சொன்ன தேதிக்கு வீட்டை ஒப்படைக்காவிட்டால், ஒப்படைக்கும் வரையில் ஒவ்வொரு மாதத் தாமதத்திற்கும் வாங்கினவருக்கு வட்டி கொடுக்கவேண்டும். ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்திற்குள் கட்டுமானத்தில் குறை கண்டு சொன்னால், 30 நாளில் காசு வாங்காமல் சரிசெய்து கொடுக்கவேண்டும். இதைக் கவனியுங்கள்: அந்த 5 வருஷக் கணக்கு சாவி வாங்கின தேதியிலிருந்து ஓடுகிறதே தவிர, ஜோசியர் குறித்த தேதியிலிருந்து ஓடுவதில்லை. வாங்குகிறவருக்கும் ஒரு கடமை உண்டு. குடிபுகும் சான்று வந்த இரண்டு மாதத்திற்குள் வீட்டைப் பெற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மாதம் என்று எழுதினவர்கள் "ஆடி, மார்கழி நீங்கலாக" என்று எழுதவில்லை.

இந்தக் குடும்பம் என்ன செய்தது தெரியுமா? சேதி வந்த மறுநாள் ஒரு கொத்தனார் தோழரையும் ஒரு மின்சார வேலைத் தோழரையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். சான்றின் நகலை வாங்கிப் பார்த்தார்கள். குளியலறையில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டி, அது சாக்கடைத் துவாரத்திற்கு ஓடுகிறதா, வாசற்படிக்கு ஓடுகிறதா என்று பார்த்தார்கள். ஒவ்வொரு சுவிட்சையும் போட்டார்கள். ஜன்னல்களைச் சாத்தித் திறந்தார்கள். உள்ளளவைக் கயிறு பிடித்து அளந்து ஒப்பந்தத்தோடு ஒத்துப்பார்த்தார்கள். 11 குறைகளைக் காகிதத்தில் எழுதி, அதிலே கட்டடக்காரர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, அதற்குப் பிறகே இவர்கள் கையெழுத்தைப் போட்டுச் சாவியை வாங்கினார்கள். இவ்வளவையும் ராகுகாலம் எமகண்டம் பாராமல் செய்தபடியால் ஒரே பகலில் முடிந்தது.

பூமிபூஜை, வாஸ்து இவற்றால் கட்டடம் நிற்கும் என்கிறவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்துகிறேன். 2014 ஜூன் 28-ந் தேதி மாலை, சென்னைக்கு அருகில் மவுலிவாக்கத்தில், முடியும் தறுவாயில் இருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் அப்படியே சரிந்தது. 61 பேர் செத்தார்கள். பெரும்பாலும் கூலி வேலைக்காரர்கள். ஆந்திராவிலிருந்தும் ஒரிசாவிலிருந்தும் பிழைக்க வந்தவர்களும் அதில் உண்டு. இடி விழுந்ததுதான் காரணம் என்றுகூட முதலில் ஒரு பேச்சுக் கிளம்பிற்று. அங்கே மிஞ்சி நின்ற மற்றொரு கட்டடத்தை ஜனங்களுக்கு ஆபத்து என்று 2016 நவம்பர் 2-ந் தேதி வெடிவைத்துத் தகர்க்க வேண்டியதாயிற்று. மண்ணின் பலம், அஸ்திவாரம், கம்பி, சிமெண்டு, இவற்றைப் பார்க்கவேண்டியவர்கள் பார்த்தார்களா என்பதுதான் அங்கே கேள்வியே ஒழிய, சமையலறை அக்கினி மூலையில் இருந்ததா என்பது அல்ல. வாஸ்து சொல்லுவது இப்போது பார்ப்பனப் புரோகிதர் மாத்திரம் அல்ல. நம்மவர்களிலேயே நாலு பேர் பட்டம் போட்டுக்கொண்டு, நூறு குடித்தனம் உள்ள கட்டடத்தில் ஒரு குடித்தனத்தின் வாசலை மாத்திரம் இடித்து மாற்று என்று சொல்லிப் பிழைக்கிறார்கள். ஆள் மாறினாலும் பித்தலாட்டம் பித்தலாட்டந்தான்.

கட்டினவர்களைப் பற்றிச் சொன்னதால் இன்னொன்றையும் சொல்லவேண்டும். இந்த வீட்டில் முதல்முதல் குடியிருந்தவர்கள் யார்? இந்தத் தோழர் குடும்பம் அல்ல. கட்டட வேலைக்கு வந்த ஆண்களும் பெண்களும், காவற்காரன் குடும்பமும், பூசாத சுவருக்குள் மூன்று கல்லை அடுக்கிப் பொங்கித் தின்று, படுத்து எழுந்து, குழந்தையைத் தூளியில் போட்டு வளர்த்திருக்கிறார்கள். ஆடியிலும் இருந்தார்கள், மார்கழியிலும் இருந்தார்கள். அவர்களுக்கு எந்தப் புரோகிதன் நாள் குறித்தான்? அவர்களை எந்த ராகு தின்றது? ஆனால் வேலை முடிந்தவுடனே "தச்சுக் கழிப்பது" என்று ஒரு சடங்கு. முந்தின ராத்திரியில் கோழியை அறுத்து, வேலை நடந்த இடத்தில் தங்கிய தோஷத்தை ஓட்டுகிறார்களாம். மறுநாள் காலையில் புண்ணியாகவாசனம் என்று தண்ணீர் தெளித்துச் சுத்தி செய்கிறார்களாம். கல் சுமந்த கையும் கலவை போட்ட கையும் தோஷம். தர்ப்பையைப் பிடித்த கை சுத்தம்! பிறகு ஐந்தாவது மாடிக்கு ஒரு பசுவையும் கன்றையும் மின்தூக்கியில் தள்ளி ஏற்றுவார்கள். மாடு முதல் பந்தி. கொத்தனாரும் சித்தாளும் கடைசிப் பந்தி, அதுவும் மீந்திருந்தால். இன்று இங்கே முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர்கள் இந்தக் கட்டடத்தில் வேலை செய்த தோழர்களும் தோழியர்களும் என்பதைச் சந்தோஷத்தோடு தெரிவித்துக்கொள்ளுகிறேன்.

சாவி யார் கையில் கொடுக்கப்பட்டது என்பதையும் நீங்கள் பார்த்தீர்கள். இந்த வீடு புருஷன் பெயரிலும் மனைவி பெயரிலும் சரிபாதியாய்ப் பதிவாகியிருக்கிறது. பெண்களுக்கு ஆண்களைப்போலவே சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தவர்கள் எத்தனையோ பேர். தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை ஆயிற்று. சாவியை அந்த இருவரும் வாங்கி, கதவைத் திறக்கும்படி அம்மையாரின் தாயார் கையில் கொடுத்தார்கள். அந்த அம்மாள் இளம் வயதிலே புருஷனை இழந்து, தையல் இயந்திரத்தை மிதித்து மகளைப் படிக்கவைத்தவர். இந்த வீட்டுக்கு முன்பணம் கட்ட விற்றது அவருடைய வளையல்கள்தான். வைதீக முறைப்படி நடந்திருந்தால் அவரை எங்கே நிறுத்தியிருப்பார்கள்? ஓமம் முடிகிறவரை எதிரே வராதே என்று கொல்லைப்புறத்தில் நிறுத்தியிருப்பார்கள். இது மாடிவீடு, கொல்லையும் கிடையாது. பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வளையலை விற்ற பணம் மாத்திரம் மங்களம், வளையல் இல்லாத கை அமங்களம் என்பது எந்த ஊர் நியாயம்? அவர் சாவியைத் திருப்பினார். பூட்டு ஒன்றும் முரண்டு பண்ணவில்லை.

நம்முடைய சுயமரியாதைத் திருமணத்திற்காவது ஒரு கஷ்டம் இருந்தது. 1953-இல் அது செல்லாது என்று ஐகோர்ட்டிலே தீர்ப்பாகி, 1967-இல் அண்ணா சர்க்கார் சட்டம் செய்தபின்தான் தீர்ந்தது. அதுவரை, குழந்தைகளின் வாரிசுப் பாத்தியம் போய்விடுமே என்று பயந்தவர்கள்மேல் முழுக்குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. புது வீடு புகுவதற்கு அப்படி யாதொரு நிர்ப்பந்தமும் இல்லை. புரோகிதன் வராவிட்டால் பத்திரம் செல்லாமல் போகாது, பாங்கி கடனைத் திருப்பிக் கேட்காது, குழாயில் தண்ணீர் நிற்காது. எனவே, சொந்தக்காரர்கள் கோபித்துக்கொள்ளுவார்களே என்பது ஒன்றுதான் பாக்கி. அவர்களில் பாதிப்பேர் இப்போது பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் வந்ததற்கு வந்தனம். ஆவணி வரை ஆகும் வாடகையைத் தாங்கள் கொடுக்கிறோம் என்று அவர்களில் ஒருவராவது சொல்லியிருந்தால் தோழர் யோசித்திருக்கலாம்!

ஒரு தோழர் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். "பால் காய்ச்சுவதும் மூடப்பழக்கந்தானே? இங்கே அடுப்பில் பால் பொங்குகிறதே, இது என்ன?" என்று கேட்கிறார். நல்ல கேள்வி. முதலில் காய்ச்சுகிற பால் எந்தப் பக்கமாய்ப் பொங்கி வழிகிறது என்று பார்த்து ஜாதகம் சொன்னால் அது மூடப்பழக்கம். இங்கே காய்ச்சுகிற பால் 120 பேருக்குக் காப்பிக்காக. அது பொங்கி வழிந்தால் காப்பி குறையும், புது அடுப்பைத் துடைக்க வேண்டிய வேலையும் வரும். வேறு பலன் ஒன்றும் இல்லை. சமையலறையில் இருக்கிற தோழர்கள் தீயைக் கொஞ்சம் தணிக்கும்படி கேட்டுக்கொள்ளுகிறேன்.